இரண்டு மனைக்கு நடுவில் ஒரு சந்து

அந்த நிலப் பதிவு அலுவலகத்தில் டெய்லருக்கென்று ஒரு பெஞ்சு இருந்தது. யாரும் அவருக்கு ஒதுக்கித் தரவில்லை. ஒன்பது வருஷம் ஒரே மூலையில் உட்கார்ந்து எழுந்தால் எந்த இடமும் நம்முடையது மாதிரி ஆகிவிடும். அந்த அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாதாடுவதே இந்த ஒரு நியாயத்தை வைத்துத்தான். அதே நியாயப்படி எதிர்ப் பெஞ்சு டெய்லரின் அண்ணனுக்குச் சொந்தம். அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் இன்னமும் கண்டக்டர்தான். வருகிற நாளில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, பக்கத்துச் சுவரில் இருக்கிற அறிவிப்புப் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பலகையை அவ்வளவு அக்கறையாகப் படித்தவர்கள் அலுவலகத்திலேயே கிடையாது.

சண்டை ஒரு சந்துக்காக. அப்பா விட்டுப்போனது இரண்டு மனை, அதில் அடுத்தடுத்து இரண்டு வீடு. கிழக்கு வீட்டில் அண்ணன், மேற்கு வீட்டில் தம்பி. நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு சந்து. சந்தில் ஒரு தண்ணீர்க் குழாய், துணி காயப்போடும் கயிறு, கால் உடைந்த நாற்காலி ஒன்று, வெயில் நேரத்தில் தூங்க வரும் யார் வீட்டுப் பூனையோ ஒன்று. அது கிழக்கு மனையோடு சேர்ந்தது என்பது கண்டக்டர் கட்சி. மேற்கு மனையோடு சேர்ந்தது என்பது டெய்லர் கட்சி. பூனை மட்டும் இரண்டு கட்சியிலும் சேராமல் நிம்மதியாக இருந்தது.

ஆரம்பித்து வைத்தவர் டெய்லர்தான். சந்துக்கு ஒரு கூரை போட்டு மெஷினை அங்கே கொண்டுவந்து வைத்தால் கடை வாடகை மிச்சமாகுமே என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான். அதைப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார், மாமனாரிடம் சொன்னார், பத்திரம் எழுதுகிறவரிடமும் போய்ச் சொன்னார். வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது, எதற்கும் ஒரு மனு போட்டு வைத்துவிடுங்கள் என்றார் பத்திரம் எழுதுகிறவர். மனு எழுதுவதுதான் அவர் பிழைப்பு; வேறென்ன சொல்வார்? டெய்லர் போட்டார். சில நாளில் கண்டக்டர் வீட்டுக்கு முத்திரை குத்திய உறை ஒன்று போய்ச் சேர்ந்தது, தங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டு. ஓய்வூதியக் காகிதம் என்று நினைத்து ஆசையாகப் பிரித்த மனுஷர் அன்று சாயங்காலமே ஆட்சேபணை எழுதிவிட்டார். அப்புறம் விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். இவர் ஒரு மனு போட்டால் அவர் ஓர் எதிர்மனு போட்டார். அலுவலகம் ஓரவஞ்சனை பார்க்காமல், தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று இரண்டு பேருக்கும் ஒரே பதிலை அனுப்பிக்கொண்டிருந்தது.

பெண்டாட்டிமார் இந்தப் போரில் சேரவே இல்லை. ஓரகத்திகள் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் இந்த இரண்டு பேரும் அப்படித்தான் இருந்தார்கள். சந்தின் இந்தப் பக்கமிருந்து ஒரு கிண்ணம் போகும், அந்தப் பக்கமிருந்து வேறொன்று நிரம்பி வரும். சாப்பிட உட்காரும்போது தட்டில் அண்ணியின் கைப்பக்குவம் இருப்பது டெய்லருக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அவர் வாயைத் திறந்து எதுவும் கேட்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் மானம் ரோஷம் பார்த்து எழுந்துவிட வேண்டியிருக்குமே. அதனால் ஒன்றும் அறியாதவர் போல இன்னொரு கரண்டி போடச் சொல்வார்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் இந்த வருஷம் டெய்லரின் கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது. கடை இருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறேன், மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடுங்கள் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். சுற்றுவட்டாரத்தில் வேறு கடைகள் இருந்தன. அவற்றின் முன்பணத்தைக் கேட்டால் டெய்லருக்குத் தலை சுற்றியது. சந்து கிடைக்காவிட்டால் ஒரே வழி, ஊருக்கு வெளியே இருக்கும் துணி தைக்கிற ஆலைக்கு வேலைக்குப் போவது. அங்கே போய்வந்த ஒருவர் சொல்லியிருந்தார், ஓர் ஆளுக்கு ஒரு வேலைதானாம். காலர் தைக்கிறவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை காலர் மட்டும்தான் தைக்க வேண்டுமாம். யாருடைய சட்டை, யார் போடப் போகிறார்கள் என்பது கடைசி வரை தெரியாதாம். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் மார்பளவு சொல்லிவிடுகிற டெய்லருக்கு அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

அதனால் ஒரு முடிவு கட்டிவிடுவது என்று, பழைய மூலப் பதிவேட்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்தார். இங்கே அந்த அலுவலகத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனைகளின் வரைபடம் மாடியில், அளவைப் பிரிவில் இருக்கும். சொந்தக்காரர்களின் பெயர்ப் பதிவேடு கீழே, பதிவறையில் இருக்கும். வரைபடத்தில் எண் உண்டு, பெயர் கிடையாது. பதிவேட்டில் பெயரும் எண்ணும் உண்டு, எந்த எண் கிழக்கு, எது மேற்கு என்பது கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம், இரண்டு பிரிவுக்காரர்களின் நல்ல மனசு எல்லாம் வேண்டும். அப்படி ஒருத்தரும் பார்த்ததில்லை. டெய்லர் பெயர்ப் பதிவேட்டைக் கேட்டார். சந்து வழியாகக் கிண்ணத்தோடு அந்தச் செய்தியும் போனது. கண்டக்டர் சும்மா இருப்பாரா, மறுநாளே போய் வரைபடத்தைக் கேட்டுவிட்டார்.

பதிவறைக்குப் பொறுப்பான அதிகாரியை எல்லோரும் ரெக்கார்டு அம்மா என்பார்கள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். விதியில் சொல்லாத ஒரு சிரிப்பைக்கூடச் சிரிக்க மாட்டார். எதைப் பார்ப்பதானாலும் அவர் முன்னால்தான் பார்க்க வேண்டும் என்பதால், மாடியிலிருந்து வந்த வரைபடத்தோடு இரண்டு விண்ணப்பமும் ஒரே நாளில் அவரிடம் வந்து சேர்ந்தன. அதற்கு முந்தைய வாரம் பெய்த மழையில் பதிவறைக் கூரை ஒழுகி, எல்லா மேஜையிலும் ஈரக் கட்டுகளைப் பிரித்து விசிறிக்கடியில் பரப்பி வைத்திருந்தார்கள். ஜன்னலோரம் ஒரே ஒரு மேஜைதான் காலி. அதன் இந்தப் பக்கம் பதிவேட்டையும் அந்தப் பக்கம் வரைபடத்தையும் வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் உட்காரச் சொன்னார் ரெக்கார்டு அம்மா. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது, பேனா கூடாது, சத்தம் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சத்தம் என்று வரும்போது மட்டும் இரண்டு பேரையும் தனித்தனியாக ஒரு பார்வை பார்த்தார்.

டெய்லர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் தொழில் கண் சும்மா இருக்காதே. அண்ணனை இவ்வளவு பக்கத்தில் பார்த்தே ரொம்பக் காலம் ஆகியிருந்தது. அவர் போட்டிருந்த சட்டை வேறு யாரோ தைத்தது. தோள் தையல் இரண்டு விரல் கீழே இறங்கிக் கிடந்தது. காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கண்டக்டருக்கு இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அத்தனை வருஷம் பை மாட்டிய தோள். வெட்டும்போதே அதற்குத் தகுந்தபடி வெட்ட வேண்டும். இது அந்தக் கடைக்காரனுக்கு எங்கே தெரியப்போகிறது. டெய்லருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அண்ணன் மேல் இல்லை, அந்தச் சட்டையைத் தைத்தவன் மேல்.

கண்டக்டர் வரைபடத்தைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளினார், பிறகு கிட்டே இழுத்தார், பிறகு மறுபடியும் தள்ளினார். மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அதை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த டெய்லர், தன் கண்ணாடியைக் கழற்றி ஒன்றும் பேசாமல் மேஜை மேல் நகர்த்தினார். அண்ணனும் ஒன்றும் பேசாமல் எடுத்து மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம்தான் டெய்லருக்குத் தன் முன்னால் இருக்கிற பதிவேடு மங்கலாகிவிட்டது புரிந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் முடியாமல், வெறும் வெள்ளைத் தாளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண்டக்டரின் விரல் வரைபடத்தின் மேல் ஊர்ந்து ஓர் இடத்தில் நின்றது. அவர் முகம் மலர்ந்தது. கிழக்கு மனை ஏழாம் எண், மேற்கு மனை எட்டாம் எண், சந்து ஏழோடு சேர்த்துக் கோடு போட்டிருக்கிறது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவரைப் பார்த்துச் சொன்னாலும் கூட்ட நேரத்துப் பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரல் அது. ஈரக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்த பணியாளர்கூடத் திரும்பிப் பார்த்தார்.  துணி ஆலையும் காலர்களும் டெய்லரின் கண் முன்னால் வந்து நின்றன.

சத்தம் கேட்டு வந்த ரெக்கார்டு அம்மா, டெய்லர் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டுத் தானே புரட்டிப் படித்தார்.

"ஏழாம் எண் மனை, இளைய மகன் பேர்ல. எட்டாம் எண் மனை, மூத்த மகன் பேர்ல."

படித்துவிட்டு நிறுத்தினார். வரைபடத்தைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். மறுபடி ஒரு தரம் படித்தார். படித்தது மாறவில்லை. கண்டக்டர் குடியிருக்கிற வீடு பதிவேட்டின்படி டெய்லருடையது. டெய்லர் குடியிருக்கிற வீடு கண்டக்டருடையது. கண்டக்டர் இத்தனை காலமும் சந்து கிழக்கு மனைக்குத்தான் என்று முஷ்டி தூக்கியது தம்பிக்காக. மேற்கு மனைக்குத்தான் என்று டெய்லர் மனு மேல் மனு போட்டது அண்ணனுக்காக. பீஸ் வாங்காமல் ஒருத்தருக்கொருத்தர் வக்கீல் வேலை பார்த்திருக்கிறார்கள். யாராவது ஒருத்தர் ஜெயித்திருந்தால் தோற்றிருப்பதும் அவரேதான்.

குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது, அதையும் ரெக்கார்டு அம்மா படித்தார். தந்தை நேரில் சொன்னபடி வலது மனை மூத்தவருக்கு, இடது மனை இளையவருக்கு என்று எழுதியிருந்தது. டெய்லருக்கு உடனே விளங்கிவிட்டது. கடை வைத்த புதிதில் அவரே செய்த தப்புதான். அளவெடுக்க வந்து நிற்கிறவரின் வலது கை, எதிரில் நிற்கும் டெய்லருக்கு இடது. இதை மறந்து ஒரு தலைமை ஆசிரியருக்குச் சட்டைப் பையை வலது பக்கம் வைத்துத் தைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது ஆயுசுக்கும் மறக்காது. அப்பா வாசற்படியில் தெருவைப் பார்த்து நின்றுகொண்டு கையைக் காட்டியிருப்பார். எழுத வந்தவர் தெருவில் வீட்டைப் பார்த்து நின்றிருப்பார். அப்பாவின் வலது அவருக்கு இடது, அவ்வளவுதான் விஷயம்.

சொன்னால் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். ஆனால் கண்டக்டர் சிரிக்கவில்லை. முகம் செத்துப்போய், கண்ணாடியைக் கழற்றி மடித்துத் தம்பி பக்கம் வைத்தார்.

"அப்போ இத்தனை வருஷமா நான்தான் டிக்கெட் இல்லாம உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னால் அது வெறும் பேச்சு இல்லை. வேலை பார்த்த காலத்தில் டிக்கெட் இல்லாமல் ஓர் ஆளை ஒரு நிறுத்தம்கூட ஏற்றிப் போகாதவர் அவர். டெய்லர் இருபது வயதில் ஒரு நாள் சட்டைப் பையில் காசில்லாமல், அண்ணன் பஸ்தானே என்ற தைரியத்தில் ஏறிவிட்டார். எல்லோரும் பார்க்க வழியில் இறக்கிவிட்டுவிட்டுத்தான் பஸ்ஸுக்கு விசில் கொடுத்தார் கண்டக்டர். வேகாத வெயிலில் நடந்து வீடு வந்த தம்பியிடம், சாப்பாட்டுக்குக் கையலம்பிக்கொண்டே, காசு வேண்டுமென்றால் காலையிலேயே கேட்டிருக்கலாமே என்று மட்டும் சொன்னார். தெருவில் இந்தக் கதையைச் சிலர் பெருமையாகவும் சிலர் கேலியாகவும் சொல்வார்கள். டெய்லர் மட்டும் சொல்வதே இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படியானால் அக்காவின் அடுப்படி இனிமேல் எனக்கா, அந்தப் பெரிய ஜன்னலும் சேர்த்தா என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கணவர் சிரிக்காததைப் பார்த்து அவளும் நிறுத்திக்கொண்டாள். டெய்லர் மனசுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒளிப்பானேன், ஆசைதான் ஓடிக்கொண்டிருந்தது. பதிவேட்டின்படி சந்து அவருக்கு. யாரிடமும் கேட்க வேண்டாம், யாரும் தடுக்க முடியாது. குழாய்ப் பக்கம் மெஷின், இந்தப் பக்கம் வெட்டுகிற மேஜை, மேலே தகரக் கூரை என்று சாப்பிட்டு முடிப்பதற்குள் மனசிலேயே கடை திறந்து பலகை மாட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் சந்துப் பக்கம் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்தார். கண்டக்டர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். சாய்வு நாற்காலி வெளியே வந்திருந்தது, மர அலமாரி பாதி வழியில் நின்றது, அப்பாவின் படம் குழாய்ச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அண்ணி வாசற்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அலமாரியை மாத்துங்க, வீட்டை மாத்துங்க, வேணும்னா ஆளைக்கூட மாத்திக்கிறேன். என் அடுப்படியை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்."

கண்டக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அலமாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தனியாகத் தூக்குகிற கனமில்லை அது. இரண்டு அடி நகர்த்துவார், இடுப்பில் கை வைத்து நிற்பார், மறுபடி நகர்த்துவார். டெய்லர் ஜன்னலை மெதுவாகச் சாத்தினார். தான் கேட்டது ஒரு சந்து, கிடைத்திருப்பது அண்ணனின் வீடு என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது. 

அலுவலகத்துக்கு ஓடினார். வழக்கமான பெஞ்சில் உட்காராமல் நேரே பதிவறைக்குப் போய், இதைப் பழையபடி ஆக்க வழி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் ரெக்கார்டு அம்மா. எழுதினவர் செய்த தப்பு என்று தெரிந்தால் திருத்தலாம். அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை போட்ட மனு, எதிர்மனு எல்லாவற்றையும் வாபஸ் வாங்க வேண்டும். கடைசியாக, உங்களுக்குள் தகராறு எதுவும் இல்லையா என்று அதிகாரி இரண்டு பேரையும் நேரில் வைத்து வாய்மொழியாகக் கேட்பார். ஒருவர் இருக்கிறது என்று சொன்னாலும் திருத்தம் கிடையாது, விஷயம் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக டெய்லரைப் பார்த்தார்.

"ஒண்ணு நல்லா தெரிஞ்சுக்குங்க சார். திருத்தினா ஏழு உங்க அண்ணனுக்குப் போயிடும். சந்து ஏழோட இருக்கு. அதுவும் சேர்ந்து போயிடும். யோசிச்சுட்டு வாங்க."

டெய்லர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார். எதிர்ப் பெஞ்சு காலியாக இருந்தது. மாதக் கடைசிக்கு இன்னும் அதிக நாள் இல்லை. அறிவிப்புப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அதில் புதிதாக ஒன்றும் இல்லை. துணி ஆலைக்குக் காலையில் ஒரு வண்டி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் என்று கேள்விப்பட்டிருந்தார். எந்த இடத்தில் நிற்கும் என்று விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், கையெழுத்துப் போடலாம் என்று இருக்கிறேன், காலர் தைத்தால் தைத்துவிட்டுப் போகிறேன் என்றார். அவள் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சந்தைத் தாண்டிப் போனாள். திரும்பி வரும்போது, என்றைக்கு வர வேண்டும் என்று உங்கள் அண்ணன் கேட்கிறார் என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் மர அலமாரி உள்ளே போய்விட்டது. யார் தூக்கினார்கள் என்று டெய்லர் கேட்கவில்லை. மனைவியின் தலைமுடியில் ஒட்டடை இருந்தது.

குறித்த நாளில் இரண்டு பேரும் தனித்தனியாக, ஆனால் ஒரே நேரத்தில் வந்தார்கள். ஒன்பது வருஷக் கோப்பைப் பணியாளர் இரண்டு கையாலும் தூக்கி வந்து மேஜையில் போட்டார். ஒவ்வொரு மனுவிலும் வாபஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரம் எழுதுகிறவர் டெய்லருக்காகத் தாராளமாகவே எழுதியிருந்தார். எதிர்த்தரப்பினர் இரக்க சிந்தையற்றவர் என்று ஓரிடத்தில் இருந்தது, மேற்படி நபர் சூழ்ச்சித் திறம் மிக்கவர் என்று இன்னோர் இடத்தில். கையெழுத்துப் போடும் சாக்கில் டெய்லர் உள்ளங்கையால் அந்த வரிகளை மறைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் கண்டக்டரும் தன் எதிர்மனுக்களைக் கொஞ்சம் வளைந்து உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டார். அவற்றில் என்ன இருந்ததோ.

பின்னால் டோக்கன் வாங்கியவர்கள் வரிசையில் நின்று நெளிந்துகொண்டிருந்தார்கள். ரெக்கார்டு அம்மா கோப்பை மூடி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு புதுத் தாளை எடுத்துத் தேதி போட்டார். இரண்டு பேரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"பெரியவரை முதல்ல கேக்கறேன். இந்த மனைங்க சம்பந்தமா உங்களுக்கும் உங்க தம்பிக்கும் நடுவுல ஏதாவது தகராறு இருக்கா?"

"இருக்கு" என்றார் கண்டக்டர்.

டெய்லர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. சந்தையும் விட்டுக்கொடுத்து, வீட்டையும் விட்டுக்கொடுத்து, கோப்பு முழுக்கக் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு இந்த மனுஷர் இப்படிச் சொல்கிறாரே என்று இருந்தது. இனி நீதிமன்றம், இன்னொரு பெஞ்சு, இன்னொரு அறிவிப்புப் பலகை. ரெக்கார்டு அம்மா பேனாவை மூடினார். இருக்கிறது என்றால் என்னவென்று சொல்லுங்கள், அதையும் எழுதியாக வேண்டும் என்றார்.

கண்டக்டர் இந்த முறை சுவரைப் பார்த்துப் பேசவில்லை. குரலும் பஸ் குரல் இல்லை.

"இவன் பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டான். மாமனாரைக் கேட்டான். உங்க ஆபீசைக் கேட்டான். நான் ஒரு சுவர் தள்ளித்தான் இருக்கேன், என்கிட்ட கேக்கல. தெனம் சாயங்காலம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காருவேன், இன்னிக்குக் கேப்பான், நாளைக்குக் கேப்பான்னு. இன்னி வரைக்கும் கேக்கல. அதுதான் தகராறு. எழுதிக்குங்க."

 சந்து எப்படித் தன்னுடையது என்பதற்கு டெய்லரிடம் ஒன்பது வருஷ வாதம் இருந்தது. இதற்கு ஒரு வார்த்தை இல்லை. ஏன் கேட்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்ததுதான். வெயிலில் நடந்து வந்த அந்த இருபது வயதுப் பையன் உள்ளே எங்கோ இன்னமும் நின்றுகொண்டிருந்தான். மனு என்றால் இல்லை என்பதை ஒரு கடிதம் சொல்லும், அண்ணன் வாயால் கேட்க வேண்டியதில்லை. இவ்வளவுதான் காரணம். இந்தக் காரணத்துக்காக ஒரு மனுஷர் தினமும் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். டெய்லர் அண்ணன் பக்கம் திரும்பினார். வரிசையில் நெளிந்துகொண்டிருந்தவர்கள்கூட அசையாமல் நின்றார்கள்.

"அண்ணே, கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. சந்துல ஒரு மெஷினைப் போட்டுக்கட்டுமா?"

கண்டக்டர் தம்பியைப் பார்க்கவில்லை. ரெக்கார்டு அம்மாவைப் பார்த்தார்.

"இப்போ இல்ல. எழுதிக்குங்கம்மா."

ரெக்கார்டு அம்மா பேனாவைத் திறந்து, தகராறு ஏதுமில்லை என்று எழுதினார். எழுதும்போது தலையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்திருந்தார். பிறகு அதே கேள்வியை, விதிப்படி ஒரு சொல் குறையாமல், டெய்லரிடம் கேட்டார். டெய்லர் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். மறுபடி முயன்றார். அப்போதும் வரவில்லை.

"இல்லன்னு சொல்லுங்க சார்" என்றார் வரிசையில் அடுத்து நின்றவர். "நாங்களும் வீட்டுக்குப் போகணும்."

"இல்ல" என்றார் டெய்லர். சரியாகக் காதில் விழவில்லை என்று ரெக்கார்டு அம்மா இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அவர் இன்னொரு தரமும் சொன்னார்.